காட்டுத்தீ அணைந்தாச்சு, மழை வருவதற்குள் அந்தச் சரிவுக்கு என்ன செய்யலாம்?

குளத்தங்கரையான் (கடையம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். மாசிக் கடைசியில் எங்கள் ஊருக்கு மேற்கே, பொத்தைக்கு (சின்னக் குன்று) பின்னால் இருக்கும் மலைச்சரிவில் தீப்பிடித்தது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். வனத்துறை ஆட்களும் வாட்சர்களும் ஊர் இளவட்டங்களும் பச்சைக் குழையை ஒடித்து அடித்தும், எதிர்த்தீ வைத்தும் ஒருவழியாக அணைத்துவிட்டார்கள். அவர்களுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். எரிந்த இரவில் எல்லார் கைப்பேசியிலும் அந்தப் படம்தான். அணைந்த மறுநாளே பேச்சு நின்றுவிட்டது.

எனக்குக் கவலையே அதற்குப் பிறகுதான். எங்கள் குளத்துக்கு வரத்து அந்தச் சரிவில் இருந்து இறங்கும் ஓடை. ஓடை வாயில் நின்று மேலே பார்த்தால், அடிவாரத்தில் உன்னிப்புதர் (லாண்டானா) மண்டியிருந்த இடமெல்லாம் வெள்ளைச் சாம்பல். அதற்கு மேலே புல் நின்ற இடம் கன்னங்கரேல் என்று கிடக்கிறது. செடி வேர் பிடித்து வைத்திருந்த சின்னக் கற்கள் தானாகவே உருண்டு ஓடைக்குள் விழுகின்றன. இன்னும் ஒரு தூறல்கூட இல்லை, அதற்குள்ளே இப்படி.

சித்திரை வைகாசியில் இடிமழை வரும். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டியதை நாம் யாரும் மறக்கவில்லை. அதில் கால் பங்கு மழை இந்த மொட்டைச் சரிவில் விழுந்தாலே என்ன ஆகும்? எங்கள் குளம் ஏற்கெனவே பாதி மேடாகிக் கிடக்கிறது.

ஊர்க்கூட்டத்தில் மூன்று விதமாகப் பேசினார்கள். உடனே ஆயிரக்கணக்கில் மரக்கன்று நட வேண்டும் என்றார் ஒருவர். கருகிய மரத்தை வெட்டி விற்றுக் குளத்தைத் தூர்வாரலாம் என்றார் இன்னொருவர். காடு தன்னாலே வந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார் பெரியவர். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வனவர் (அம்பாசமுத்திரம்)

அண்ணாச்சி, நல்ல கேள்வி. எத்தனையோ வருடம் தீக்கு ஓடியவன் நான், இந்தக் கேள்வியை வெளியே யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

முதலில் கருகிய மரம். உங்கள் சரிவு கடையம் சரகத்துக்குள் இருந்தால் அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1962இல் முண்டந்துறையும் 1976இல் களக்காடும் தனித்தனிச் சரணாலயங்களாக ஆகி, 1988இல் ஒன்றாகச் சேர்ந்த காடு அது. சரணாலயத்துக்குள் செத்த மரம், சாகிற மரம், காற்றில் விழுந்த மரம், புல் எதையும் அகற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் உத்தரவு போட்டிருக்கிறது. அதனால் வெட்டி விற்கும் பேச்சையே விட்டுவிடுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கருகிய மரம் நிற்கிற வரைக்கும் அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். விழுந்தால் சரிவில் குறுக்கே கிடந்து மண்ணைத் தடுக்கும். பலதும் செத்தே இருக்காது. வேங்கை, மருது, நெல்லி எல்லாம் மேலே கரியாக நின்றாலும் தூரில் இருந்து துளிர்க்கும். ஒரு மழை பார்க்காமல் எந்த மரத்தையும் செத்தது என்று எழுதக் கூடாது.

இரண்டாவது, பணம். தீக்கு முன்னால் செய்ய வேண்டியதற்கு ஒரு நடைமுறை இருக்கிறது. தை மாதமே தீத்தடுப்புக் கோடு வெட்டுவோம், தீக்காவலர் போடுவோம். தீப் பிடித்தால் இந்திய வன அளவை நிறுவனத்தில் இருந்து செயற்கைக்கோள் எச்சரிக்கை கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. மத்திய அரசும் மாநில அரசும் 60க்கு 40 என்று பங்கு போட்டுக் காட்டுத்தீத் தடுப்புத் திட்டம் நடத்துகின்றன. அணைந்த பிறகு? எத்தனை ஹெக்டேர், என்ன சேதம் என்று அறிக்கை போகும். நான் வேலை பார்த்த காலத்தில் அதோடு கோப்பு மூடிவிடும். எரிந்த மண்ணுக்கு முதல் மழைக்குள் என்ன செய்வது என்று ஒரு பக்கத் திட்டம்கூட எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அங்கேதான் ஓட்டை.

விதைப்பந்து நண்பர்கள் (பாளையங்கோட்டை)

வணக்கம் அண்ணாச்சி. எங்கள் கல்லூரிக் குழுவில் விதைப்பந்து நிறையத் தயாராக இருக்கிறது. வேம்பு, புங்கு, புளி, கொன்றை. வனத்துறை அனுமதி வாங்கிக் கொடுத்தால் நாங்கள் ஒரு பெரிய கூட்டமாக வந்து ஒரே நாளில் அந்தச் சரிவு முழுக்க வீசிவிடுவோம். ஐப்பசி மழைக்கு முளைத்துவிடும். எங்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கிறது, சொல்லுங்கள்.

மண்வாசம் (கல்லிடைக்குறிச்சி)

தம்பி, உங்கள் ஆர்வத்துக்கு வேலை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் மண்ணைப் பார்ப்போம். நான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் மண்ணியல் படித்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எரிந்த காடு முழுக்க ஒரே மாதிரி எரிந்திருக்காது. புல் சட்டென்று பற்றி, சட்டென்று போய்விடும். மேலே கறுப்பாகத் தெரிந்தாலும் மண்ணுக்குள் சூடு அதிகம் இறங்கியிருக்காது. அந்த இடத்தில் ஒரு பிடி மண்ணைக் கிளறிப் பாருங்கள், மயிர் போன்ற சல்லிவேர் முழுசாக இருக்கும். அது இருந்தால் அந்த இடம் பிழைத்துக்கொள்ளும். உன்னிப்புதர் கூட்டமாக எரிந்த இடம், விழுந்த கட்டை கிடந்து இரவெல்லாம் கனன்ற இடம், இலைச்சருகு கனமாகக் குவிந்திருந்த பள்ளம், இவைதான் ஆபத்து. அங்கே சாம்பல் வெள்ளையாக இருக்கும், சல்லிவேரும் வெந்துபோயிருக்கும், மண்ணை விரலால் தேய்த்தால் கட்டி நிற்காமல் பொடியாக உதிரும்.

இன்னொன்று. சருகும் மட்கும் எரியும்போது அதில் இருக்கும் மெழுகு போன்ற பொருள் ஆவியாகி, கீழே குளிர்ந்த மண்ணில் போய்ப் படியும். அதனால் மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே தண்ணீர் ஒட்டாத ஒரு படலம் உண்டாகும். மழை விழுந்தால் உள்ளே இறங்காமல் மேலோடே ஓடும், போகும்போது மேல்மண்ணையும் சாம்பலையும் வழித்துக்கொண்டு போகும். இதைப் பார்க்கக் கருவி ஒன்றும் வேண்டாம். மருந்துப் புட்டியின் சொட்டுக்குழாய் போதும். சாம்பலைக் கையால் ஒதுக்கிவிட்டு மண்மேல் சில சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் நல்லது. முத்து முத்தாக 5 நொடிக்கு மேல் நின்றால் அந்த மண் தண்ணீரை ஏற்க மறுக்கிறது. ஒரு செ.மீ. சுரண்டிவிட்டு மறுபடி விடுங்கள், இன்னொரு செ.மீ. சுரண்டி மறுபடியும். எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்திலேயே எரியாத இடத்திலும் அதே சோதனையைச் செய்ய வேண்டும். காய்ந்த காலத்தில் தைல மரத்தடி மண் எரியாமலேயே தண்ணீரைத் தள்ளும், அதைத் தீயின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இந்தப் படலம் திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். சில மாதத்தில் இருந்து ஓரிரு வருடத்துக்குள் தானாகவே உடைந்துவிடும். ஆகவே நாம் தாங்க வேண்டியது முதல் மழைக்காலத்தை. அது தாண்டிவிட்டால் பாதிக் கவலை போச்சு.

அதனால் அண்ணாச்சி, சரிவு முழுக்க வேலை வேண்டாம். வெள்ளைச் சாம்பல் இருக்கும் இடம், அதுவும் செங்குத்தாக இருந்து நேரே ஓடையில் இறங்கும் இடம், அதை மட்டும் முதலில் குறியுங்கள்.

தென்மலைத்தூரன் (வி.கே.புரம், இப்போது கொலராடோ)

மண்வாசம் அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். நான் இங்கே நீர்வள வேலையில் இருக்கிறேன், எரிந்த காட்டுக்கு மேலும் கீழும் அடிக்கடி போக வேண்டியிருக்கும். இங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுகிறேன். நம்ம ஊருக்கு எது ஒட்டும், எது ஒட்டாது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அமெரிக்க வனத்துறையில் தீ அணைக்கும் குழு வேறு, எரிந்த நிலத்துக்கான அவசரக் குழு வேறு. தீ கட்டுக்குள் வந்து 7 நாளுக்குள் இரண்டாவது குழு அறிக்கை கொடுத்தாக வேண்டும். அதில் மண்ணியல் ஆள், நீரியல் ஆள், பொறியாளர், தாவரம் தெரிந்தவர் எல்லாம் இருப்பார்கள். செயற்கைக்கோள் படத்தில் தீக்கு முன், தீக்குப் பின் என்று ஒப்பிட்டு ஒரு வரைபடம் போடுவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா சொன்ன அதே சொட்டுநீர்ச் சோதனையைக் களத்தில் செய்து திருத்துவார்கள். அப்புறம் அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: இந்தச் சரிவுக்குக் கீழே யார் இருக்கிறார்கள், என்ன இருக்கிறது? உயிர் முதலில். பிறகு வீடு, ரோடு, குடிநீர். பிறகு அரிய உயிரினம், கோயில் குளம் போன்றவை. கீழே ஒன்றும் இல்லாத சரிவை அப்படியே விட்டுவிடுவார்கள். எரிந்த பரப்பில் பெரும்பகுதிக்கு அவர்கள் எழுதுவது, தானாக வரட்டும் என்றுதான். அந்த வகையில் உங்கள் ஊர்ப் பெரியவர் சொன்னது முக்கால்வாசி சரி. மிச்சக் கால்வாசியில்தான் குளமும் ஊரும் இருக்கின்றன.

அவசர வேலை என்பது ஓராண்டுக்குள் முடிய வேண்டியது. காட்டை மீட்டெடுக்கும் வேலை அதற்குப் பிறகு சில ஆண்டுகள் ஓடும். இரண்டுக்கும் பணம் தனித்தனி. இந்தப் பிரிவினை மட்டும் நம்ம ஊரில் வந்தாலே போதும் என்று எனக்குத் தோன்றும். மரம் நடுவதை இரண்டாவது கட்டத்துக்குத் தள்ளிவிடலாம், முதல் கட்டத்தில் மண்ணை மட்டும் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், 1996 மே மாதம் இங்கே பஃபலோ கிரீக் என்ற இடத்தில் காடு எரிந்தது. ஜூலையில் ஒரு இடிமழை. வெள்ளத்தில் இரண்டு பேர் போனார்கள். டென்வர் நகரத்துக்குக் குடிநீர் போகும் ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்துக்குள் மண்ணும் கருகிய கட்டையுமாக இறங்கியது. 2002இல் ஹேமன் தீ, மறுபடியும் மண். இரண்டு தீக்கும் சேர்த்து டென்வர் நீர் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவு செய்தது. கலிஃபோர்னியாவில் மான்டெசிட்டோ என்ற ஊர். 2017 டிசம்பரில் மேலே மலை எரிந்தது, 2018 ஜனவரி 9 விடியற்காலை மழையில் பாறையும் சேறும் ஊருக்குள் இறங்கி 23 பேர் இறந்தார்கள். எரிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் காரையாறு அணையும் சேர்வலாறும்தான் கண்ணில் வரும். திருநெல்வேலியும் தூத்துக்குடியும் குடிப்பது அந்தத் தண்ணீரை.

இப்போது விதைப்பந்துத் தம்பிக்கு. இங்கே பல பத்தாண்டுகள் ஹெலிகாப்டரில் புல்விதை தூவிப் பார்த்தார்கள். பிறகு கணக்கெடுத்துப் பார்த்தால், முதல் பெருமழை வருவதற்குள் மண்ணை மூடும் அளவுக்கு அது வளர்வதில்லை. பல இடத்தில் விதையே சாம்பலோடு அடித்துக்கொண்டு போகிறது. வளர்ந்த இடத்தில் அந்த மண்ணுக்கே உரிய செடியை நெருக்கிவிடுகிறது. அதனால் இப்போது தூவுவதை வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். நன்றாக வேலை செய்வது மூடாக்கு. தரையில் 60, 70 சதவீதம் ஏதாவது ஒன்றால் மூடியிருந்தால் அரிப்பு பெருமளவு குறையும். வைக்கோலைத்தான் அதிகம் போடுகிறார்கள்.

குளத்தங்கரையான்

வைக்கோல் என்றால் எங்களுக்கு இதுதான் காலம். பிசான நெல் அறுவடை நடக்கிறது, மெஷின் அறுத்த வயலில் வைக்கோல் கிடக்கிறது. மாட்டுக்கு எடுத்ததுபோக மிச்சத்தை ஊரே சேர்ந்து கொடுக்கும். கட்டுக் கட்டாக ஓடை வாய் வரைக்கும் டிராக்டரில் கொண்டுவந்துவிடலாம். சரிதானே?

பழைய வனவர்

அவசரப்பட வேண்டாம் அண்ணாச்சி. காப்பகத்துக்குள் வைக்கோல் போடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வயலில் இருக்கும் களைவிதை எல்லாம் அதோடு சேர்ந்து காட்டுக்குள் போகும். யானையும் மிளாவும் (கடமான்) வைக்கோல் வாசத்துக்கு அடிவாரத்துக்கு இறங்கும், நீங்களே யானையை ஊருக்குக் கூப்பிட்ட மாதிரி ஆகும். அது காய்ந்து கிடந்தால் அடுத்த கோடையில் அதுவே தீக்கு இரை.

தென்மலைத்தூரன்

யானை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, இங்கே அந்தப் பேச்சே கிடையாது. களைவிதைப் பயம் இங்கேயும் உண்டு. களை இல்லை என்று சான்று வாங்கிய வைக்கோலைத்தான் போடுவார்கள். நெல் வைக்கோலுக்கு மட்டும் ஒரு சௌகரியம், ஈரத்தில் வளரும் வயல் களைச்செடி காய்ந்த மலையில் பிழைக்காது என்பார்கள். ஆனால் ஐப்பசி மழையில் நம்ம மலை காய்ந்தா இருக்கும்? வனவர் அண்ணாச்சி சொல்வதே சரி. அப்படியானால் மூடாக்குக்கு வேறு என்ன?

பழைய வனவர்

அங்கேயே இருப்பதுதான். எரிந்த சரிவின் ஓரத்தில், தீ தொடாத உன்னிப்புதர் இன்னும் எவ்வளவோ நிற்கிறது. காய் பிடிப்பதற்கு முன் அதை வெட்டி, நறுக்கி, வெள்ளைச் சாம்பல் இருக்கும் இடத்தில் சரிவுக்குக் குறுக்கே பரப்பலாம். கருகி விழுந்த கொம்புகளை எடுத்து அதே சரிவில் குறுக்கே போட்டு, கீழ்ப்பக்கம் முளைக்குச்சி அடித்து, மேல்பக்கம் மண் அணைக்கலாம். அங்கே விழுந்ததை அங்கேயே போடுவதுதான், வெளியே ஒன்றும் போகாது. அதற்கும் சரகர் எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். யாரும் தன்னிச்சையாக உள்ளே போகாதீர்கள், வன உயிரினச் சட்டத்தில் அது குற்றம்.

குறுக்குக் கட்டை போடும்போது மட்டம் முக்கியம். ஒரு முனை கொஞ்சம் தாழ்ந்தாலும் தண்ணீர் எல்லாம் அந்தப் பக்கம் ஓடிக் குழி பறித்துவிடும், போடாமலே இருந்திருக்கலாம் என்று ஆகும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை வைத்தே மட்டம் பார்க்கலாம்.

ஓடைக்குள் கல் அடுக்குவதாக இருந்தால் கீழே பெரிதாக ஒன்று கட்டாதீர்கள். மேலே, ஓடை இன்னும் சின்ன வாய்க்காலாக இருக்கும் இடத்தில், முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னதாக நிறையக் கட்டுங்கள். நடுவில் தாழ்வாகவும் இரண்டு ஓரமும் உயர்ந்து கரைக்குள் புதைந்தும் இருக்க வேண்டும். நடுவே தண்ணீர் வழிந்தால் கரை பிழைக்கும். தட்டையாகக் கட்டினால் தண்ணீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அறுத்துவிடும். ஒரு கட்டின் தலைமட்டம் அதற்கு மேலே உள்ள கட்டின் அடிமட்டத்துக்குச் சமமாக வர வேண்டும். இதைப் பழைய ஆட்கள் கண்ணாலேயே செய்வார்கள்.

தென்மலைத்தூரன்

ஒரு எச்சரிக்கை. குறுக்குக் கட்டையும் கல்கட்டும் சாதாரண மழைக்குத்தான் தாங்கும். பேய்மழைக்கு அவை நிரம்பி மேலே வழிந்துவிடும் என்பதை இங்கே அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதை நம்பிக் கீழே யாரும் தைரியமாகப் படுத்துவிடக் கூடாது.

விதைப்பந்து நண்பர்கள்

மன்னிக்கவும், எனக்கு இது ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாட்டிலேயே எல்லாரும் மரம் நடச் சொல்கிறார்கள். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. இவ்வளவு பெரிய மொட்டைச் சரிவு கண்முன்னே கிடக்கும்போது நடாதே, வீசாதே என்றால் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்வது?

மண்வாசம்

கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் அந்த 33 சதவீதம் பெரும்பாலும் காட்டுக்கு வெளியே வர வேண்டியது. பொட்டல், குளத்தங்கரை, ரோட்டோரம், பள்ளிக்கூடம் என்று இடமா இல்லை? உங்கள் வேம்பும் புங்கும் எங்கள் ஊர் வாய்க்கால் கரைக்கு வரட்டும், நானே தண்ணீர் ஊற்றுகிறேன். காப்பகத்துச் சரிவில் புளியையும் புங்கையும் வீசினால் அது தோப்பாகும், அந்தக் காடு ஆகாது. மேலே புல்லாகவே இருக்க வேண்டிய இடமும் இருக்கிறது. மரம் இல்லாத மலை எல்லாம் கெட்டுப்போன மலை இல்லை. புல் இருந்தால்தான் மிளாவுக்கும் காட்டுமாட்டுக்கும் சாப்பாடு, அவை இருந்தால்தான் புலி.

உங்களுக்கான வேலை மழைக்குப் பிறகு வருகிறது, அது விதை வீசுவதைவிடக் கஷ்டமானது. எரிந்த உன்னி அடியில் இருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். வெறுமனே வெட்டினால் பத்து கிளையாக வரும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சி. ஆர். பாபு குழு ஒரு முறை சொல்லியிருக்கிறது: தரைக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேரும் கழுத்தில் வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் மறுபடி துளிர்ப்பது மிகவும் குறைவு. மழை ஈரத்தில், மண் இளகியிருக்கும்போது, துளிர் சின்னதாக இருக்கும்போதே செய்துவிட்டால் புல்லும் நாட்டு மரமும் மேலே வரும். விட்டால் அந்த உன்னியே அடுத்த தீக்கு விறகு. தமிழ்நாடு அரசே 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்ற ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது, வனத்துறைக்கும் ஆள் வேண்டும். ஒரு நாள் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம். இரண்டு மூன்று வருடம் அதே சரிவுக்கு வரத் தயார் என்றால் சொல்லுங்கள்.

விதைப்பந்து நண்பர்கள்

வருகிறோம் அக்கா. பிள்ளைகளிடம் பேசிவிட்டேன். விதைப்பந்தை எல்லாம் குளத்துக் கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் எடுத்துவைக்கிறோம். கவிழ்த்து வெட்டும் முறையை யாராவது ஒரு தடவை நேரில் காட்டுங்கள்.

கிடைக்காரர் மகன் (ஆழ்வார்குறிச்சி)

எல்லாரும் நல்லபடியாகப் பேசுகிறீர்கள், ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. எரிந்த சரிவில் முதல் மழைக்குப் பச்சைப்புல் வரும். எங்கள் ஆடும் மாடும் வழக்கமாக அடிவாரத்தில் அங்கேதான் மேயும். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அதை அடைக்க வேண்டும். தீ வைத்ததே மேய்ச்சல்காரன்தான் என்று ஊரில் ஏற்கெனவே வாய் கூசாமல் பேசுகிறார்கள். யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. பீடித்துண்டாகவும் இருக்கலாம், சமைக்க மூட்டிய அடுப்பாகவும் இருக்கலாம். எங்களைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, மேய்ச்சலையும் அடைத்துவிட்டு, தடுப்பு வேலைக்கும் எங்களையே கூப்பிட்டால் யார் வருவார்?

மண்வாசம்

நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். ஆனால் குளம்பு படுவதை மட்டும் தவிர்க்கத்தான் வேண்டும். சாம்பலுக்கு அடியில் மண் இப்போது மாவாக இருக்கிறது. மழை ஈரத்தில் ஒரு மந்தை ஏறி இறங்கினால் குளம்புத் தடம் வழியாகவே தண்ணீர் அறுத்துக்கொண்டு ஓடும். புதிதாக வரும் துளிரைக் கடித்துவிட்டால் வேரில் இருக்கும் சத்தும் தீர்ந்துபோகும். ஒரு மழைக்காலம் விட்டுப் பிடிக்க வேண்டும். அதற்கு ஊர் ஏதாவது ஈடு செய்யட்டும் என்பதுதான் என் பேச்சு.

குளத்தங்கரையான்

கிடைக்காரர் தம்பி, தீயை யார் தலையிலும் கட்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் நான் சொல்லியாயிற்று, மறுபடியும் சொல்வேன். மேய்ச்சலுக்கு என் யோசனை: பிசானம் அறுத்த தாளடி வயலில் கிடை போடட்டும், எருவும் ஆச்சு. தண்ணீர் வற்றிய குளத்து உள்வாயில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரும் வரைக்கும் மேயட்டும். ஐப்பசி முதல் தை வரைக்கும்தான் சிக்கல். காட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்று வனவர் அண்ணாச்சி சொன்ன வைக்கோலை அந்த மாதங்களுக்கு உங்கள் மாட்டுக்குக் கொடுப்போம், ஆட்டுக்குக் குழை ஏற்பாடு செய்வோம். வைக்கோலுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

காரையாறு டீச்சர்

நான் மலைக்கு உள்ளே இருக்கும் பள்ளியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவள். ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காட்டில் எந்த மழைக்கு எந்த ஓடை முதலில் இறங்கும், எந்தப் பாறை ஆடும், எங்கே வழுக்கும் என்று இங்கேயே வாழும் பழங்குடிகளான காணிக்கார மக்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தீக்காவலராகவும் வேட்டைத்தடுப்புக் காவலராகவும் நடந்து நடந்து பார்த்தவர்கள். செயற்கைக்கோள் படம் போடுவதோடு அவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவைச் சுற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். தீக்காலம் முடிந்ததும் தற்காலிகக் காவலர்களுக்கு வேலை இல்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். அதே ஆட்களை மழை வரும்வரைக்கும் மண் வேலைக்கு நிறுத்திக்கொள்ளலாமே? சம்பளத்தோடு. சும்மா கூப்பிடக் கூடாது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டைப் பாதுகாப்பதில் கிராம சபைக்கு இடம் கொடுத்திருக்கிறது, அதை வைத்துக் கேட்கலாம்.

இன்னொன்று, ஆடி அமாவாசை. சொரிமுத்தய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டம் உங்களுக்குத் தெரியும். காட்டுக்குள்ளேயே தங்கிச் சமைக்கிறார்கள். எரிந்த சரிவுக்குக் கீழே ஓடைக்கரையில் யாரும் கூடாரம் போடக் கூடாது என்று இப்போதே சொல்லிவைக்க வேண்டும். கருகிய மரம் காற்றுக்குச் சொல்லாமல் விழும். ஆனி ஆடிக் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியாதா? வெளியூரில் இருந்து வருகிறவனுக்குத் தெரியாது, அவனுக்குப் பலகை வைக்க வேண்டும்.

தென்மலைத்தூரன்

டீச்சர் சொன்னது மிக முக்கியம். இங்கேயும் முதல் வருடம் செய்கிற வேலையில் பாதி இதுதான்: பாதையை மூடுவது, சாய்ந்த மரத்தைப் பாதையில் இருந்து அகற்றுவது, பலகை வைப்பது, மழை பெய்யும்போது பாலத்தையும் குழாயையும் ஆள் போட்டுப் பார்ப்பது.

மழை அளவில் ஒன்றைக் கவனியுங்கள். எரிந்த சரிவில் ஒரு நாளைக்கு எத்தனை செ.மீ. என்பதைவிட, ஒரு கால் மணி நேரத்தில் எவ்வளவு கொட்டியது என்பதுதான் சேற்று வெள்ளத்தை உண்டாக்கும். இங்கே எச்சரிக்கை கொடுக்கும்போது 15 நிமிட மழையைத்தான் பார்க்கிறார்கள். அதனால் சித்திரை வைகாசி இடிமழையைக் குறைத்து நினைக்காதீர்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. அதற்குத் தீ காரணம் இல்லை, நல்ல காடு இருக்கும் மலையிலேயே அப்படி. கீழே வெயில் அடிக்கும்போது மேலே கொட்டும் மழை நமக்குத் தெரியாது. எரிந்த சரிவில் தண்ணீர் அதைவிட வேகமாக இறங்கும்.

செயற்கைக்கோள் படத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஐரோப்பிய சென்டினல்-2 படம் இலவசமாகவே கிடைக்கிறது, சில நாளுக்கு ஒருமுறை அதே இடத்தை எடுக்கும். தீக்கு முன், பின் ஒப்பிட்டு வரைபடம் போட்டு அனுப்புகிறேன். அதை அப்படியே நம்பாமல் அக்கா களத்தில் சோதித்துத் திருத்த வேண்டும். மேகம் வருவதற்கு முன்னால் படம் எடுத்தாக வேண்டும், எனவே சரிவின் எல்லையை இன்றைக்கே அனுப்புங்கள்.

பழைய வனவர்

குளத்துப் பக்கம் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அதை இப்போதே தொடங்கலாம். வரத்துக்கால் குளத்தில் சேரும் இடத்துக்கு முன்னால் அகலமாக ஒரு பள்ளம் வெட்டுங்கள், வேகம் குறைந்து மணலும் கரியும் அதில் படியும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதை அள்ளிவிட்டால் குளம் மேடாகாது. மிகைத் தண்ணீர் வழியும் கலுங்கை அடைத்திருக்கும் செடியை வெட்டுங்கள். உங்கள் வரத்துக்காலில் திருப்பு மடை இருந்தால் முதல் மழைத் தண்ணீரைக் குளத்துக்குள் விடாமல் வெளியே திருப்புங்கள். சாம்பல் கரைந்த தண்ணீரில் மீன் செத்து மிதக்கும். ஆடு மாடு குடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளத்தங்கரையான்

நேற்று ஊர்க்கூட்டம் மறுபடி நடந்தது. இதையெல்லாம் அச்செடுத்துப் படித்துக் காட்டினேன். மரம் விற்கும் பேச்சு நின்றுவிட்டது. திருப்பு மடை இருக்கிறது, பலகை மட்டும் உளுத்துப்போய்விட்டது. தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. பள்ளம் வெட்ட வருகிற வாரம் ஜேசிபி வருகிறது, டீசல் செலவு குளத்துப் பாசனக்காரர் எல்லாருக்கும் ஏக்கர் கணக்கில். ஓடைக்கரையில் தாழ்வாக இருக்கும் வீடுகளைக் குறித்திருக்கிறோம். இடிமழை இறங்கினால் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற இரண்டு பேர் பொறுப்பு. ஆழ்வார்குறிச்சித் தம்பியும் அவரோடு நாலைந்து மேய்ச்சல்காரர்களும் வந்திருந்தார்கள், கிடை விஷயம் பேசி முடித்தாயிற்று.

வனச்சரக அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். அதில் கேட்டிருப்பது: சரிவைச் சுற்றிப் பார்க்க ஒரு கூட்டுக் குழு, தீக்காவலர்களை ஐப்பசி வரைக்கும் சம்பளத்தோடு நீட்டிப்பது, மேல் ஓடையில் கல் அடுக்க அனுமதி, உன்னி வெட்ட அனுமதி. வனவர் அண்ணாச்சி ஒரு தடவை படித்துத் திருத்திக் கொடுங்கள், திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம். மண்வாசம் அக்கா, சரிவைப் பார்க்க அனுமதி வந்ததும் நீங்கள் வர முடியுமா? சொட்டுக்குழாயும் தண்ணீர்ப் போத்தலும் நாங்கள் எடுத்துவைக்கிறோம்.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. மலையில் எரிந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மழைமானி வேண்டும், பெய்ததைக் கால் மணிக்கு ஒருமுறை கீழே சொல்ல ஆள் வேண்டும். மேலே கைப்பேசி எடுப்பதில்லை. வாக்கி டாக்கியில் சரக அலுவலகத்துக்குச் சொல்லி, அங்கிருந்து எங்களுக்கு வரச் செய்ய முடியுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வனவர்

முடியும். வேட்டைத்தடுப்பு முகாமில் வாக்கி டாக்கி இருக்கும், ஆளும் இருப்பார்கள். மழைமானி வைப்பதையும் மனுவில் ஐந்தாவதாகச் சேருங்கள். மனுவை எனக்கு அனுப்புங்கள், இன்று இரவே பார்த்துவிடுகிறேன்.